மீன்பேனின் ஓடு

பிப்ரவரி 6

இன்றைய தவறு: ஒரு மீன்பேனின் ஓட்டில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அழுக்கு என்று நினைத்து ஸ்பிரிட்டில் தூரிகையை நனைத்துத் தேய்த்தேன். கோடுகள் போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்ததில் ஓடு கீறிவிட்டது. கழிவுப் பாட்டிலில் போட்டுவிட்டேன். ஆய்வுக்கூட மேடத்திடம் சொல்லவில்லை.

மாலை வகுப்பில் கோயில்பிள்ளை சார் இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். முதலில் அன்றைய தவறு, பிறகு நடந்தது, கடைசியில் நாளைய வேலை. ஆய்வுக்கூட உதவியாளர் படிப்புக்கு இது பயிற்சியாம். அண்ணனைக் காணாத நேரத்தில் ஒரு ஓடு கீறிப்போனதை முதலில் எழுதுவது சரியா என்று தெரியவில்லை. ஆனால் வரிசையை மாற்றினால் எனக்கு எழுதவே வராது.

அண்ணன் ரோமால்டு 3ஆம் தேதி விடியற்காலை தனியாக வள்ளத்தில் போனான். மேற்கே போவதாகச் சொன்னான். 4ஆம் தேதி மதியம் திரும்பியிருக்க வேண்டும். அன்று சாயங்காலமே ஊர் கடலை மூடிவிட்டது. ஆளைக் காணவில்லை என்றால் எங்கள் ஊர் வேலாந்துறையில் யாரும் வலை எடுக்கமாட்டார்கள். தேடுவதற்கு மட்டும் போவார்கள். நேற்றும் இன்றும் எல்லா வள்ளமும் மேற்கே போய்த் தேடிவிட்டு வந்தன. அரசாங்கத்தின் தேடும் கப்பலும் மேற்கேதான் சுற்றுகிறது.

எனக்கு வேலை நிற்கவில்லை. 4ஆம் தேதி காலையில் பிடித்த சாளை மீன்கள் ஆய்வுக்கூடத் தொட்டியில் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வாயையும் இடுக்கியால் திறந்து, நாக்கின் மேல் ஒட்டியிருக்கும் பேனைப் பிய்த்து எடுக்க வேண்டும். இந்தப் பேன் முன்பிருந்த பேன் இல்லை. ஆய்வுக்கூடம் சில வருடங்களுக்கு முன் அதன் மரபணுவில் கை வைத்துக் கடலில் விட்டது. தண்ணீரில் வரும் கனமான அதிர்வுகள் அதன் ஓட்டில் கோடாக, அடுக்கு மேல் அடுக்காகப் படியும். கப்பல் சத்தத்தால் மீன் கூட்டம் எப்படி இடம் மாறுகிறது என்று பார்க்கத்தான் அதைச் செய்தார்கள். பிறகு மீன்வளத்துறை வந்து கேட்டது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு அடி, அது துடிக்கும் தாளம், உண்டு. அந்த அடியைப் பதிவுப் பட்டியலோடு ஒப்பிட்டால், தீவுக்குக் கிழக்கே மீன்பிடிக்கத் தடை செய்த பட்டைக்குள் யார் போனார்கள் என்று தெரிந்துவிடும்.

அண்ணனுக்குக் கடிதம் வந்தது டிசம்பரில். வள்ளத்தின் பதிவு நிறுத்தம். அதன் பிறகு அவனோடு ஒரே வள்ளத்தில் போக யாரும் வரவில்லை. அவனைக் காட்டிக்கொடுத்த பேன் நான் எடுத்ததா, வேறு யாராவது எடுத்ததா என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நான் பார்க்கவில்லை.

அவன் அதைச் சிரித்துக்கொண்டுதான் பேசினான். போன வாரம் சாப்பிடும்போது கேட்டான்.

"ஏட்டி ஜெனோவா, உன் பேனு நான் பேசுறதையும் எழுதிக்கிடுமா?"

"பேச்சுல்லாம் விழாது. எஞ்சின் மாதிரி கனமா, ஒரே சீரா அடிச்சாதான் கோடு விழும்."

"அப்ப உங்க ஆபீசர திட்டணும்னா பலகையத் தட்டித்தான் திட்டணும்னு சொல்லு."

அண்ணன் மனைவி, என் மைனி, சோற்றுக் கரண்டியால் அவன் தலையில் ஒன்று வைத்தாள். "இதக் கேக்குதா பாரு உங்க பேனு."

காலையில் என்னை எழுப்புவது அண்ணன்தான். கதவில் இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. அந்த மூன்றாவது தட்டுக்குள் நான் குரல் கொடுக்காவிட்டால் தண்ணீர்ச் செம்போடு உள்ளே வருவான். மூன்று நாளாக நானாகத்தான் எழுந்திருக்கிறேன்.

நாளை: தொட்டியில் மீதமிருக்கும் சாளைகளை முடிக்க வேண்டும். தூரிகையை மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 7

தவறு: எதுவும் ஞாபகமில்லை. இருக்கும்.

தேடும் கப்பல் திரும்பிவிட்டது. கூப்பிட்டால் வருவார்களாம்.

ஆய்வுக்கூடத்தில் வைதேகி மேடத்திடம் கேட்டேன். இந்தப் பேன்களையும், அவற்றைப் படிக்கும் இயந்திரத்தையும் உருவாக்கிய குழுவில் அவரும் ஒருவர். அண்ணன் எஞ்சின் கடைசியாக எங்கே ஓடியது என்று பேன் சொல்லுமா என்று கேட்டேன்.

"சொல்லலாம். ஆனா ஒரு இடத்துப் பேனை வெச்சுச் சொல்ல முடியாதும்மா. நாலஞ்சு இடத்துல பிடிச்ச சாளை வேணும். எங்க கோடு ஆழமா இருக்கோ அதுக்குப் பக்கத்துலதான் சத்தம் வந்திருக்கும். தொட்டியில இருக்கறது அவர் போன மறுநாளே பிடிச்சது. அதுக்கப்புறம் நடந்தது புதுசாப் பிடிக்கிற மீன்லதான் இருக்கும்."

"நேரம் இருக்கா மேடம்?"

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். இந்த வகைப் பேன் பௌர்ணமிக்கு ஓடு கழற்றும். முதலில் வால் பக்கம், பிறகு தலைப் பக்கம். கழன்ற ஓடு கடலில் கரைந்துவிடும். பௌர்ணமி 10ஆம் தேதி.

"கழட்டிருச்சுன்னா எல்லாம் போச்சு. புது ஓட்டுல பழசு எதுவும் இருக்காது" என்றார்.

அங்கிருந்து நேராக ஏலக்கூடத்துக்குப் போனேன். கமிட்டித் தலைவர் கஸ்பார் மாமாவும் இன்னும் சிலரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை மாமா குறுக்கே பேசவில்லை. பிறகு மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"ஆளு கெடக்குற கடல்ல வலை போடச் சொல்லுதியா?"

"ஆளு கெடக்கான்னு யாரு மாமா சொன்னது? தேடத்தான் சொல்லுதேன்."

"வலை வலைதான்ட்டி. சரி, நான் ஒண்ணு கேக்கேன். கிழக்க போயி மீனப் பிடிச்சா, அந்தப் பேனுல எங்க எஞ்சினும் விழும்லா?"

பொய் சொல்லத் தோன்றியது. "விழும் மாமா" என்றேன்.

ஓரத்தில் இருந்த வள்ளக்காரன் மரியான் எழுந்து வேட்டியை உதறினான். "கேட்டுக்கிடுங்க. அண்ணனுக்கு அனுப்புன லெட்டரு பத்தாதுன்னு ஊருக்கே அனுப்பப் போறா பேன் பொறுக்கி."

"நான் ஆய்வுக்கூட மிஷின்ல போட மாட்டேன். அதுல போட்டாதான் துறைக்குப் போகும். காலேஜ்ல சாதா மைக்ராஸ்கோப் இருக்கு. அதுல கண்ணால பாப்பேன்."

"உனக்கு அதெல்லாம் தெரியுமாட்டி?" மாமா கேட்டார்.

"தெரியும்னு நெனைக்கேன்."

யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "எங்க கையில ஒண்ணுமில்ல. கடலத் தெறக்கணும்னா அவன் வீட்டுக்காரி வரணும்" என்றார்.

இதை விளக்க வேண்டும். மூடிய கடலைத் திறக்க, காணாமல் போனவரின் மனைவியோ தாயோ கரைக்கு வந்து, கிடக்கும் வள்ளங்களில் ஒன்றைத் தொட்டுத் தண்ணீருக்குள் தள்ள வேண்டும். எங்களுக்குத் தாய் இல்லை. மனைவி தள்ளினால், தேடியது போதும், இனி அவரவர் பிழைப்பைப் பாருங்கள் என்று பொருள். மறுநாள் கோயிலில் இறந்தவருக்கான பூசை சொல்வார்கள்.

நாளை: மைனியிடம் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 8

தவறு: மைனியிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். வீடு நிறையப் பெண்கள் இருக்கும்போது கேட்டுவிட்டேன்.

மைனியின் பெயர் பிரகாசி. ஐந்து நாளாக அவள் கதவைப் பார்த்த மாதிரியே உட்கார்ந்திருக்கிறாள். அழுவதில்லை. அழுதால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்கிறாள். நான் விஷயத்தைச் சொன்னதும் முதலில் மரியானின் அம்மாதான் பேசினாள்.

"இவ எடுத்த பேனுதான் அவன மாட்டிவிட்டுச்சு. இப்ப இவ பேனே காப்பாத்தப் போவுதாக்கும்."

மைனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் வள்ளத்தத் தள்ளுனா என்னன்னு தெரியும்லா உனக்கு?"

"தெரியும் மைனி."

"நானே என் தாலியக் கழட்டி உங்க அண்ணன் இல்லன்னு ஊருக்குக் காட்டுத மாதிரி."

"நாளன்னைக்கு பௌர்ணமி. பேனு ஓட்டக் கழட்டிரும். அதுக்கப்புறம் நீங்க தள்ளுனாலும் ஒண்ணும் கெடைக்காது."

"அது அவியளக் கேட்டிருக்குமா? நெசமாச் சொல்லு."

"எஞ்சின் ஓடியிருந்தா கேட்டிருக்கும்."

"ஓடலன்னா?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பேன் வந்த பிறகு, தடைப் பட்டைக்குள் நுழைகிறவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்புப் போட்டுத்தான் போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். கிழக்கே போகிறவன்தான் மேற்கே போவதாகச் சொல்லிவிட்டுப் போவான்.

"தெரியாது மைனி" என்றேன்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மைனி கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள். தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னாள்.

"ஐஸ் பொட்டி நெறைய ஐஸு கொண்டு போனாவ. மீனு ரொம்பக் கெடைக்கும்னு சொன்னாவ. உருகுனாலும் அது தண்ணிதான. குடிக்கலாம்லா."

"குடிக்கலாம்."

"எத்தன நாளைக்கு வரும்?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள்.

கரையில் ஊரே கூடியது. மைனி நடந்து போய் மரியானின் வள்ளத்தின் மேல் கை வைத்தாள். அவன் முகம் செத்துவிட்டது. எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவள் தள்ளுவதற்கு முன் திரும்பி நின்று சத்தமாகச் சொன்னாள்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. தேடுனது போதும்னு நான் தள்ளல. தேடுறதுக்குத்தான் தள்ளுதேன். எவளாவது எனக்கு ஒப்பாரி வெச்சா அவ வாயக் கிழிச்சிருவேன்."

இப்படி ஒரு கடல் திறப்பை யாரும் பார்த்ததில்லை. இது செல்லுமா என்று ஒருவர் கேட்டார். கஸ்பார் மாமா, "தள்ளிட்டால்லா, செல்லும்" என்றார்.

மாமா வள்ளங்களை நான்கு இடங்களுக்குப் பிரித்தார். கிழக்குப் பட்டைக்குள் போகிற கூட்டத்தில் மரியான் தானாகவே சேர்ந்துகொண்டான். என் பக்கம் பார்க்கவில்லை.

நாளை: இடத்துக்கு ஒன்றாகப் பாட்டில்கள். பேரை மறக்காமல் ஒட்ட வேண்டும். கல்லூரியில் சாரிடம் மைக்ராஸ்கோப் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 9

தவறு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடந்ததை எழுதிவிட்டு மறுபடி இங்கே வருகிறேன்.

வள்ளங்கள் மதியத்துக்கு முன்பே திரும்பின. சாளையைக் கரையில் கொட்டியதும், நேற்று என்னைத் திட்டிய பெண்களே வட்டமாக உட்கார்ந்து வாயைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். இடுக்கி தேவைப்படவில்லை, நகத்தாலேயே எடுத்தார்கள். என்னைவிட வேகம். மரியானின் அம்மா கையில் ஒரு பேனை வைத்துக்கொண்டு, "இதுக்காட்டி காது இருக்கு?" என்று கேட்டாள். ஒரு மீனைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அத்தனையும் மணலில் புதைத்தார்கள்.

நான்கு பாட்டில்களோடு பஸ் ஏறினேன். கோயில்பிள்ளை சார் வகுப்பை மற்றவர்களுக்கு நடத்திக்கொண்டே எனக்கு மூலையில் ஒரு மேசை கொடுத்தார்.

ஓட்டை மெல்லியதாகச் சீவி வெளிச்சத்தில் வைத்தால் மரத்தின் வளையம் போலத் தெரியும். மேல் அடுக்கில் தடித்த பட்டைகள். இன்று காலை போன எங்கள் ஊர் வள்ளங்கள் அவை. தேடப் போன வள்ளங்கள் தொடாத கிழக்கு ஓடுகளில் அதற்குக் கீழே வெறுமை. ஐந்து நாள் எஞ்சினே இல்லாத கடலை நான் இதுவரை பார்த்ததில்லை. எப்போதும் கோட்டின் மேல் கோடு கிடக்கும் இடம், துடைத்து வைத்த தட்டு போல இருந்தது.

அண்ணன் எஞ்சினின் அடி எனக்கு மனப்பாடம். மேற்குப் பாட்டிலில் தேடினேன். இல்லை. தெற்கில் இல்லை. கிழக்கே எடுத்த இரண்டு பாட்டில்களிலும் 3ஆம் தேதி அடுக்கில் கொஞ்சம் இருந்தது, பிறகு நின்றுவிட்டது. அவன் அணைத்திருக்கிறான். மைனி கேட்டது சரி. அதற்குப் பிறகு அவன் எங்கே போனான் என்று சொல்ல எதுவுமே இல்லை.

ஊரையே வலை போட வைத்தேன். மைனியைக் கொண்டுபோய் வள்ளத்தைத் தள்ள வைத்தேன். எல்லார் எஞ்சினையும் இந்த ஓடுகளில் ஏற்றினேன். மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அழுகைகூட வரவில்லை.

தலையைத் தூக்கி மறுபடி பார்த்தபோது, கிழக்கு ஓட்டின் வெறுமையான இடத்தில் அழுக்கு தெரிந்தது. மெல்லிய கோடுகள். தூரிகையை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் கை நின்றது.

6ஆம் தேதி நான் தேய்த்தும் போகாத அதே கோடுகள். லென்ஸை மாற்றினேன். இரண்டு கோடு. இடைவெளி. ஒரு கோடு. மறுபடி இரண்டு. இடைவெளி. ஒன்று. அடுக்கு முழுக்க அதுவே.

சாருக்கு என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. மாணவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். வராந்தாவில் நின்று வைதேகி மேடத்துக்குப் போன் செய்தேன்.

"எஞ்சின் மறுபடி எடுக்கல போல, பலகையில தட்டுறான் மேடம். என் கதவுல தட்டுற மாதிரியே தட்டுறான்."

அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"எங்க மிஷின் அதைக் காட்டியிருக்காது ஜெனோவா. எஞ்சின் தவிர எல்லாத்தையும் அழிச்சிடும். அப்படி அழிக்கணும்னு எழுதினதே நான்தான்."

"இவ்வளவு சின்னச் சத்தம் எப்படி விழுந்துச்சு?"

"சாதாரண நாள்ல விழாது. விழுந்தாலும் மத்த எஞ்சின் கோட்டுக்கு அடியில மறைஞ்சிருக்கும். உங்க ஊர்ல கடலை மூடினாங்க இல்லையா, அதனாலதான் விழுந்திருக்கு. இன்னும் ஒரு நாள் அப்படியே இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அவர் முடிக்காததை நானே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு நாள் அடுக்காக மேலே வந்தேன். 3ஆம் தேதி ராத்திரி, எஞ்சின்கள் ஓடாத நேரத்திலேயே தொடங்கியிருக்கிறான்; தொட்டிச் சாளையில் நான் தேய்த்தது அந்தத் தட்டுகளை. 4ஆம் தேதி நெருக்கமாகத் தட்டியிருக்கிறான். நெருக்கமாக என்றால், கை வலிக்க வலிக்க. 6ஆம் தேதி இடைவெளி கூடுகிறது. 8ஆம் தேதி அங்கொன்றும் இங்கொன்றும்தான், ஆனாலும் இரண்டு, பிறகு ஒன்று. இன்று விடியற்காலை அடுக்கில் இரண்டு கோடு இருக்கின்றன. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் வள்ளங்களின் தடித்த பட்டை ஏறிவிட்டது. அதன் கீழே அது இருக்கிறதா இல்லையா என்று எந்த லென்ஸிலும் தெரியவில்லை.

இரண்டு கிழக்குப் பாட்டில்களில் மரியான் பிடித்த இடத்துச் சாளைகளில்தான் கோடு ஆழம். இருட்டு விலகுமுன் மரியான் அண்ணனுக்கு அவ்வளவு பக்கத்தில் எஞ்சின் ஓட்டிக்கொண்டு வலை போட்டிருக்கிறான். வலை போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறான்.

ஊருக்கு வந்து சொன்னபோது முதலில் மரியான்தான் உட்கார்ந்துவிட்டான். "நான் கேக்கலையே. எஞ்சின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அம்மா அவன் முதுகைத் தடவினாள்.

மைனி ஒன்று மட்டும் கேட்டாள். "இன்னைக்கு காலைல வரைக்கும் தட்டியிருக்காவளா?"

"ரெண்டு தட்டு இருக்கு மைனி."

"ரெண்டு போதும்."

கஸ்பார் மாமாவிடம், மேடம் தேடும் கப்பலைக் கூப்பிடுவதாகச் சொன்னதையும், கப்பல் வந்தால் தடைப் பட்டைக்குள் போன எல்லாருடைய பெயரும் தெரிந்துவிடும் என்பதையும் சொன்னேன்.

"லெட்டரு வந்தா வரட்டும், அடுப்பெரிக்க ஆவும்" என்றார். "கப்பல தூரத்துலயே நிக்கச் சொல்லு. அது உறுமுனா நம்ம காதுல ஒண்ணும் விழாது."

"இப்பவே போயிருவோம்" என்றான் மரியான்.

மாமா கடலைப் பார்த்தார். கொண்டல் காற்று ஏறிக்கொண்டிருந்தது. "இருட்டுல இத்தன வள்ளம் வெளக்கில்லாம எஞ்சினில்லாம போனா ஒண்ணோட ஒண்ணு மோதி இன்னும் நாலு பேரத் தேடணும். விடியட்டும்."

எப்படிக் கேட்பது என்று நான் கேட்டபோது என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். கத்தாளை மீன் கூட்டம் தண்ணீருக்குள் கத்தும். அதைக் கேட்க, துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் இறக்கி, காம்பின் நுனியில் காதை வைத்துக்கொள்வார்கள். எல்லா வீட்டிலும் இதற்குத் தெரிந்த காது ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அது அண்ணன்.

இப்போது தவறு. கடலைத் திறக்கச் சொன்னது நான். திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கோடுகளைப் பார்த்திருக்க முடியாது. திறந்ததால் அந்த மூன்றாவது தட்டு போய்விட்டது. அவன் எங்கள் எஞ்சின்களைக் கேட்டிருப்பான். வந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பான். பிறகு அவை திரும்பிப் போவதையும் கேட்டிருப்பான். இது தவறா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. 6ஆம் தேதி செய்ததை மட்டும் உறுதியாக எழுத முடிகிறது: அவன் எனக்குத் தட்டினான், நான் அதைத் துடைத்தேன்.

நாளை: பௌர்ணமி. இனி ஓடுகள் உதவாது. மரியான் இன்று வலை போட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரைக்கும் எஞ்சின். அங்கே எல்லாரும் அணைக்க வேண்டும். பிறகு துடுப்புதான். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் துடுப்பை இறக்கிக் கேட்க வேண்டும். யாரும் பேசக்கூடாது. மைனி முதல் வள்ளத்தில், நான் மரியானோடு இரண்டாவதில். பதில் தட்டுவதற்கு ஒரு கட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். குடிக்கத் தண்ணீர், குளுக்கோஸ், போர்வை. விடியுமுன் நானாக எழுந்திருக்க வேண்டும்.